மிருகங்களுக்குக் கிடைத்த சுவர்

நானும் கை உயர்த்தினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனி எழுதப்போவதெல்லாம் வேலிக்கு வெளியில் நின்று கல்லெறிவதாக ஆகிவிடும்.

வன்கூவர் சைனாடவுன் ஓரத்தில் ஒரு கட்டடத்தின் பக்கச்சுவர். மூன்று மாடி உயரம், சன்னல் இல்லை. அதில் சீனரும் பூர்வகுடிகளும் பகிர்ந்த வரலாற்றைத் தீட்ட வேண்டும் என்று பணம் ஒதுக்கியிருந்தார்கள். படத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ‘புலம்பெயர்ந்த பெண்கள்’ சார்பில் என்னை உட்கார வைத்தார்கள். இறுதிச் சுற்றுக்கு இரண்டு வரைவுகள் வந்தன. ஒன்றில் சிவப்பும் பொன்னுமாக ஒரு டிராகன். அதன் கழுத்தைச் சுற்றிப் பறக்கும் ஓர் அண்டங்காகம். இரண்டுக்கும் நடுவில் சூரியன். மற்றதை அனுப்பியவள் ஓர் இளம்பெண். தகப்பன் வழியில் சீனம், தாய் வழியில் பூர்வகுடி. அவள் வரைந்திருந்தது ஒரு நீண்ட மேசை. மேசை நிறைய சால்மன். ஒரு பக்கம் கத்தியோடு ஒரு சீன ஆண், முகம் பாதி இருட்டில். எதிர்ப்பக்கம் மீனைக் கழுவும் பெண்ணின் இரண்டு கைகள், சுவரின் பாதியை அடைக்கும் அளவுக்குப் பெரிதாக. அவள் காலடியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் குழந்தை.

“கனமாக இருக்கிறது” என்றார் ஒருவர். “இதன் முன்னால் யாராவது நின்று படம் எடுப்பார்களா?” என்றார் இன்னொருவர். சாப்பாட்டுக் கடைகள் உள்ள தெருவில் மீன்குடல் வேண்டாம் என்று மூன்றாவது ஆள். பிறகு என் பக்கம் திரும்பி, டிராகனின் வாலில் கொஞ்சம் மயில்பீலி சேர்த்தால் உங்கள் சமூகத்துக்கும் இடம் கிடைக்குமே என்று அன்போடு சொன்னார்கள். நான் சிரித்தேன். வாக்கெடுப்பு வந்தது. டிராகனுக்குக் கை உயர்த்தினேன்.

வீட்டுக்கு வந்து சமைக்கும்போதுதான் உறைத்தது. பெண்ணின் கையை நிராகரித்துவிட்டு மிருகத்தின் நகத்துக்கு வாக்களித்திருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கொடியில் சிங்கம் ஒரு பக்கம், புலி மறுபக்கம் என்று வளர்ந்த தலைமுறை. மிருகச் சின்னங்கள் பெண்களை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. சின்னம் எப்போதும் கம்பீரமாக நிற்கும். அதன் கீழே தண்ணீருக்கு வரிசையில் நிற்பவள் படத்தில் இருக்கமாட்டாள். இது தெரிந்தும் கை உயர்ந்தது.

பொதுச்சுவரில் மிருகங்கள் ஏன் இவ்வளவு விருப்பமானவை? மிருகம் கூலி கேட்காது. பெயர் கேட்காது. இந்த நிலம் யாருடையது என்று கேட்காது. இரண்டு இனங்கள் சந்தித்தன என்று சொல்ல இரண்டு மிருகங்களைப் பின்னிப் போட்டால் போதும். எங்கே சந்தித்தன, யார் சந்திக்க வைத்தது, யார் சந்திக்க விடாமல் தடுத்தது என்ற கேள்விகள் செதில்களுக்குள்ளும் இறகுகளுக்குள்ளும் மறைந்துவிடும். ‘கலப்பு’ என்ற சொல்லை அந்தக் கூட்டத்தில் எத்தனையோ முறை கேட்டேன். கலந்தவர்கள் மனிதர்கள். அந்தக் கலப்பு நடந்தது பெண்களின் உடம்பில். அதற்குத் தண்டனை கொடுத்தது சட்டம்.

அந்தச் சட்டங்களைப் பாருங்கள். கனடா 1885இல் சீனர்மீது தலைவரி போட்டது: ஆளுக்கு 50 டொலர். 1900இல் அது 100 ஆனது, 1903இல் 500. ஐந்நூறு என்பது ஏறக்குறைய இரண்டு வருடக் கூலி என்பார்கள். தன்னைக் கொண்டுவரவே கடன்பட்டவன் மனைவியை எப்படிக் கொண்டுவருவான்? 1923 ஜூலை 1 முதல் சீனர் நுழைவே ஏறக்குறைய முற்றாக அடைக்கப்பட்டது. 1947வரை அந்தக் கதவு திறக்கவில்லை. குவாங்டொங் கிராமங்களில் ‘தங்கமலைக்காரன் மனைவி’ என்று ஒரு வகைப் பெண்ணே உருவானாள்: கல்யாணமானவள், கணவன் உயிரோடு இருப்பவள், ஆனால் கடிதத்தோடும் அனுப்பும் பணத்தோடும் மட்டுமே குடும்பம் நடத்துபவள். இதை வாசிக்கும் நம்மில் பலருக்கு, வளைகுடாவுக்கு ஆளை அனுப்பிய வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு, அவளைப் புரிந்துகொள்ள அடிக்குறிப்பு வேண்டாம்.

அதே 1923இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் பெண்கள், சிறுமியர் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. சீனரின் கடைகளில் வெள்ளைப் பெண்கள் வேலை செய்வதைத் தடுக்க முன்பே எடுத்த முயற்சியின் தொடர்ச்சி அது. இந்த முறை பூர்வகுடிப் பெண்களையும் சேர்த்தார்கள். சீனர் என்ற சொல்லைச் சட்டத்தில் போடாமல், எந்தக் கடையில் பெண் வேலை செய்யலாம் என்பதைப் பொலிஸின் தீர்ப்புக்கு விட்டார்கள். 1937இல் சைனாடவுன் உணவகங்களில் பரிமாறிய வெள்ளைப் பெண்களை வேலையைவிட்டு நிறுத்த வைத்தபோது, அந்தப் பெண்களே ஊர்வலமாக நகரசபைக்குப் போனார்கள். எங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி எங்கள் சம்பளத்தைப் பறிக்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் வழக்கு. ஒருவரும் செவிசாய்க்கவில்லை. டிராகன்களுக்கு இப்படி ஒரு சட்டம் யாரும் எழுதியதில்லை.

பூர்வகுடிப் பெண்ணுக்கு இன்னொரு கத்தியும் இருந்தது. இந்தியர் சட்டம் என்று அதற்குப் பெயர், 1876இலிருந்து. பூர்வகுடி அந்தஸ்து இல்லாத ஆணை மணந்தால் அவளுடைய அந்தஸ்துப் போகும், பிள்ளைகளுக்கும் இல்லை. பிறந்த ஊரில் வாழும் உரிமையும் போகும். பூர்வகுடி ஆண் வெளியில் மணந்தால் அவனுக்கு எதுவும் போகாது. வந்த மனைவிக்கும் அந்தஸ்துக் கிடைக்கும். 1985வரை இது சட்டம். சாந்திரா லவ்லேஸ் என்ற பெண் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவரை போய் 1981இல் கனடாவைத் தலைகுனிய வைத்த பிறகுதான் மாற்றினார்கள். அதாவது நம் சுவர் கொண்டாடும் அந்தக் ‘கலப்பு’, ஒரு சீனரும் ஒரு பூர்வகுடிப் பெண்ணும் சேர்ந்து குடும்பமாவது, அவளைத் தன் ஊருக்கே அந்நியளாக்கக்கூடிய குற்றமாக இருந்தது.

வன்கூவரின் தெற்கு ஓரத்தில், பிரேசர் ஆற்றங்கரையில், மஸ்குவியம் மக்களின் ஒதுக்குநிலத்தில் சீனர் குத்தகைக்குக் காய்கறி பயிரிட்டார்கள். அங்கே வேலைக்கு வந்த ஹொங் டிம் ஹிங்கும் மஸ்குவியம் பெண்ணான அக்னஸ் கிராண்டும் குடும்பமானார்கள். அவர்களுடைய மகன் லாரி கிராண்ட் இன்று தாய்மொழியைக் கற்பிக்கும் மூத்தவர். உடன்பிறந்தவர்கள் சீனாவில் தகப்பனின் ஊரைத் தேடிப்போன பயணம் 2016இல் ஆவணப்படமாக வந்தது. ‘எங்கள் தகப்பனின் உறவுகள்’ என்பது அதன் பெயருக்குப் பொருள். நல்ல படம். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பிள்ளைகளை வளர்த்தது தாயின் மண், தாயின் சொந்தங்கள், தாயின் மரபு. இரண்டு மரபும் ஒன்றான இடத்தை வரைய வேண்டுமென்றால் அது ஆற்றங்கரைக் காய்கறிப் பாத்தி. அங்கே டிராகன் வந்ததாகத் தகவல் இல்லை.

மிருகங்களே வேண்டாம் என்கிறேனா? இல்லை. மிருகங்களைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு வரையுங்கள் என்கிறேன்.

மஸ்குவியம் மக்களிடம் ஒரு நாகம் இருக்கிறது, இருதலை நாகம். அது ஒரு சதுப்பிலிருந்து கிளம்பி ஆற்றை நோக்கி ஊர்ந்தது. அது கடந்த இடத்தில் இருந்ததெல்லாம் மடிந்தது. அதன் எச்சத்திலிருந்து ஒரு புதிய செடி பூத்தது. அந்தச் செடியின் பெயர்தான் மக்களின் பெயர். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக வளாகத்தில் 2016இல் நிறுத்திய இருதலை நாகத் தூணை பிரென்ட் ஸ்பாரோ ஜூனியர் செதுக்கினார். அந்த நாகம் எந்தச் சதுப்பு, எந்த ஓடை, எந்த ஆறு என்று சொல்லக்கூடியது. அது காணி உறுதி. நம்மூரில் கோயில் தலபுராணமும் குளத்தின் பெயரும் யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்வதுபோல. அதைப் பிய்த்தெடுத்து டிராகனுக்கு ஜோடி சேர்ப்பது இன்னொருவர் உறுதியைக் கிழித்துச் சுவரில் ஒட்டுவது.

எங்கள் குழு தேர்ந்த அண்டங்காகத்தின் கதை இன்னும் மோசம். அந்தக் கறுப்புத் தடித்த கோட்டு வரைமுறை வடக்கே ஹைடா, சிம்ஷியன் போன்ற மக்களுடையது. அவர்களிடம் காகம், கழுகு, ஓநாய் எல்லாம் குலச்சின்னம். இன்ன வீட்டுக்கு இன்ன சின்னம் என்று உரிமை உண்டு. அந்த உரிமை தாய்வழியாக இறங்குகிறது. பிள்ளைக்குக் காகம் கிடைப்பது அம்மாவால். இதைச் சொன்னால் நம்மில் பலருக்குக் காது நிமிரும். ஆனால் வன்கூவர் நிற்பது மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லே-வாடூத் மக்கள் ஒருநாளும் விட்டுக்கொடுக்காத நிலத்தில். நகரசபையே 2014இல் அதை ஒப்புக்கொண்டது. அந்த நிலத்தின் சுவரில் இன்னொரு மக்களின் தாய்வழிச் சொத்தை, எந்தத் தாயிடமும் கேட்காமல், ‘பூர்வகுடிப் பறவை’ என்று பொதுப்பெயர் சூட்டி ஏற்றினோம். காகத்துக்குச் சோறு வைத்து முன்னோரை அழைக்கும் நாங்கள், அடுத்தவர் முன்னோரை அலங்காரமாக்கினோம்.

இதே அரசுதான் ஒருகாலத்தில் இந்த மிருகங்களைச் சிறைப்பிடித்தது. பொட்லாட்ச் என்னும் கொடைச் சடங்கு 1885இலிருந்து 1951வரை குற்றம். 1921இல் குவாக்வாகாவாக் மக்கள் வில்லேஜ் தீவில் நடத்திய பெருஞ்சடங்குக்குப் பிறகு ஆண்களும் பெண்களும் கைதானார்கள்; ஆடியதற்கு, பேசியதற்கு, பரிசுப்பொருளைச் சுமந்ததற்கு. முகமூடிகள் அருங்காட்சியகங்களுக்குப் போயின, ஆட்கள் ஓக்கலா சிறைக்கு. இப்போது அதே பறவைகள் சுற்றுலாவுக்கு வேண்டும்.

டிராகனும் அவ்வளவு அப்பாவி இல்லை. சீன மரபில் அது பேரரசனின் சின்னம். ஃபெங்ஹுவாங் என்னும் பறவை முதலில் ஆணும் பெண்ணுமான இணை. டிராகன் அரசனானதும் பறவை முழுவதும் பெண்ணாகி, அரசியாகி, கல்யாணத் துணியில் அவனுக்கு எதிரே நின்றது. ஆக, சீனத்துக்கு டிராகன் என்று நாம் எழுதும்போதெல்லாம் சீனம் ஆணாகிறது. எதிரே வரும் பூர்வகுடி மிருகம் தானாகவே மணப்பெண்ணின் இடத்துக்கு நகர்கிறது. ஓவியர் அப்படி நினைத்திருக்கமாட்டார். சுவர் அப்படித்தான் பேசுகிறது.

பெண்களோடு வாழ்ந்த மிருகங்களை ஏன் யாரும் வரைவதில்லை? சாலிஷ் பெண்கள் கம்பளிக்கென்றே ஒரு நாய் வளர்த்தார்கள். வெள்ளை மயிர் அடர்ந்தது. மற்ற நாய்களோடு கலக்காமல் தனியே வைத்து, மயிர் கத்தரித்து, மலையாட்டு மயிரோடு சேர்த்து நூற்றுப் போர்வை நெய்வார்கள். அந்தப் போர்வை செல்வம், கௌரவம், கொடை. நாய் பெண்ணின் சொத்து. குடியேற்றம் வந்து நெசவையும் சடங்கையும் நொறுக்கிய பிறகு நாயும் அழிந்தது. 1859இல் இறந்த ‘மட்டன்’ என்ற ஒரு நாயின் தோல் மட்டும் சுமித்சோனியனில் இருக்கிறது. அதன் மரபணுவை ஆராய்ந்து 2023இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு மிருகம் வேண்டுமென்றால் இது மிருகம். ஆனால் நாய்க்குட்டி கம்பீரமாக இராதே.

நூற்ற தக்ளியின் மர வட்டில்தான் சாலிஷ் செதுக்கலின் அழகான மிருகங்கள் சுழன்றன. மஸ்குவியம் கலைஞர் சூசன் பொயின்ட் 1980களிலிருந்து அந்த வட்டுகளைத் தேடித்தேடிப் படித்துத் தன் கலையை எழுப்பினார். வன்கூவர் விமானநிலையத்தின் சர்வதேச வருகைக் கூடத்தில் அவர் செதுக்கிய மாபெரும் தக்ளி வட்டு தொங்குகிறது. 2001இல் நான் இரண்டு பெட்டிகளோடு அதன் கீழே நடந்து வந்தேன். ஏதோ அலங்காரத் தட்டு என்று நினைத்தேன். பெண்கள் நூற்ற கருவி ஒன்றுதான் என்னை வரவேற்றது என்று தெரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. நெசவுக்கலைஞர் டெப்ரா ஸ்பாரோ 2018இலிருந்து சாலிஷ் போர்வைக் கோலங்களை நகரச் சுவர்களில் ஏற்றிவருகிறார். அதில் மிருகம் இல்லை. இது யார் நிலம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

அந்த இளம்பெண்ணின் மேசைக்கு வருகிறேன். அவள் வரைந்தது கற்பனை இல்லை. பிரேசர் ஆற்று முகத்தில், ஸ்டீவ்ஸ்டனில், டின்மீன் ஆலைகள் வரிசையாக இருந்தன. சீன ஒப்பந்தக்காரரின் கீழ் வந்த சீன ஆண்கள் மீனை வெட்டிக் குடலெடுத்தார்கள். பூர்வகுடிப் பெண்கள் கழுவினார்கள், டின்னில் அடைத்தார்கள், எண்ணிக்கைக்குக் கூலி. குழந்தைகள் பக்கத்திலேயே கிடந்தன. 1900களின் தொடக்கத்தில் வெட்டும் இயந்திரம் வந்தபோது அதற்கு ‘இரும்புச் சீனன்’ என்று பொருள்படும் வசைப்பெயரையே வைத்து விற்றார்கள். வெட்டும் ஆணுக்கு மாற்றாக வந்த இயந்திரத்துக்கு வசையாவது கிடைத்தது. கழுவும் பெண்ணின் பெயர் எதிலும் இல்லை.

சீன மொழியில் மீன் என்ற சொல்லும் மிகுதி என்ற சொல்லும் ஒரே ஓசை. அதனால்தான் புத்தாண்டு மேசையில் முழுமீன். சாலிஷ் மக்களுக்கு சால்மன் உறவு. பருவத்தின் முதல் மீனை உண்டு முள்ளை ஆற்றுக்கே திருப்பிக் கொடுப்பார்கள், அது மறுபடி வர வேண்டும் என்று. அந்த மேசையில் ஒரே மீனுக்கு இருபக்கமும் நின்றவர்கள், ஒருவர் மிகுதி என்றும் மற்றவர் உறவு என்றும் அறிந்த உயிரை, மூன்றாமவரின் லாபத்துக்காக அரிந்துகொண்டிருந்தார்கள். இதைவிடப் பொருத்தமாக இரண்டு மரபின் மிருகக் குறியீடு கலந்த இடம் வேறு எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டில் எந்த டின்மீனையும் ‘சமன்’ என்போம். சால்மன் என்பது வாய்க்கு வாய் தேய்ந்த சொல் அது. அம்மம்மா உள்ளியும் பச்சைமிளகாயும் போட்டுப் பிரட்டுவா. அந்தச் சொல் எந்த மேசையிலிருந்து கிளம்பியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் வரைவைப் பார்த்தபோது வயிறு என்னவோ செய்தது. அப்படியும் சிரித்துக்கொண்டு கை உயர்த்தினேன்.

‘கலைஞருக்குச் சுதந்திரம் வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டும். குழு போட்டு, வண்ணம் பார்த்து, ‘கனம்’ குறைத்துக் கேட்பது எந்தச் சுதந்திரம்? இரண்டு மரபும் ஒரே உடம்பில் உள்ள கலைஞர்கள் இருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் நூக்சாக் மக்களைச் சேர்ந்த லூயி கொங், சீனமும் பூர்வகுடியும் கலந்த குடும்பத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர், கம்பளமும் கோப்பையும் விற்கும் நிறுவனமே கட்டினார். பூர்வகுடிச் சாயல் போலிகள் வேண்டாம், பூர்வகுடிக் கலைஞரிடமே வாங்குங்கள் என்பது அதன் முழக்கம். எங்கள் மேசைக்கும் அப்படி ஒருத்தி வந்தாள். நாங்கள் அவளை அனுப்பிவிட்டுச் சாயலை எடுத்துக்கொண்டோம்.

அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சில தெரு தள்ளி ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 14இல் பெண்கள் நடக்கிறார்கள், 1992இலிருந்து. கொல்லப்பட்ட, காணாமல் போன பெண்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி. அவர்களில் எத்தனையோ பேர் பூர்வகுடிப் பெண்கள். மறுபக்கம் கீஃபர் தெரு 105ஆம் இலக்கக் காணி. அங்கே விலையுயர்ந்த மாடிவீடுகள் வேண்டாம், முதியோருக்கு வீடு வேண்டும் என்று சைனாடவுன் பாட்டிமார் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். 2017இல் திட்டம் நிராகரிக்கப்பட்டது. 2023இல் அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் பெயர் சொல்லி நடக்கும் பெண்கள், மறுபக்கம் வண்டி தள்ளிக் கீரை வாங்கும் பெண்கள். நடுவில் முகமே இல்லாத ஒரு சுவரில் நம் டிராகன். வாடகை விளம்பரத்தில் ‘கலை நிறைந்த தெரு’ என்று போட்டிருக்கிறார்கள். அதை நானே பார்த்தேன்.

ஆலோசனைக்கு வந்த மூத்த பெண்களுக்குக் குழு கொடுத்தது ஒரு காப்பிக்கடை அட்டை. சாரம் கட்டியவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி. இந்த விவரம் எந்த அறிக்கையிலும் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் அந்தப் பெண்ணைத் தேடிப்போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அவள் மன்னிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. “அந்தக் கைகள் என் பாட்டியுடையவை, படத்தைப் பார்த்து வரைந்தேன்” என்றாள். பிறகு கைத்தொலைபேசியில் அந்தப் பழைய படத்தைக் காட்டினாள். மேசை, மீன், ஆட்கள். பாட்டி ஓரத்தில் நிற்கிறாள். படம் எடுத்தவர் அவளைப் பாதியில் வெட்டிவிட்டார். இரண்டு கைகள் மட்டும் உள்ளே விழுந்திருக்கின்றன. “முகம் எனக்குத் தெரியாது, அன்ரி. அதனால்தான் கையைப் பெரிதாக்கினேன்.”

அடுத்த சுவருக்கான அழைப்பு வந்திருக்கிறது. அதே குழு, அதே நாற்காலி. போகிறேன் என்று எழுதிவிட்டேன். கூடவே அவளுடைய வரைவை மறுபடி மேசைக்கு வைக்க வேண்டும் என்றும், சின்னம் யாருடையது என்று அந்த மக்களின் மூத்த பெண்களிடம் கேட்ட பிறகே வாக்கெடுப்பு என்றும், கேட்பதற்குச் சம்பளம் தர வேண்டும் என்றும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. மயில்பீலி வேண்டாம் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.